யாருக்கு நோய் வரவில்லை என்று கேட்கும் படிப்பு

(கலை அறிவியல் கல்லூரி மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

பிளஸ் டூ முடிவும் நீட் முடிவும் வந்த பிறகு வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான். ‘எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, வேறு என்ன படிக்கலாம்?’ அந்த ‘வேறு’ என்ற பட்டியலில் நர்சிங், பார்மசி, பிசியோதெரபிக்குப் பின்னால் இப்போது பொது சுகாதாரமும் சேர்ந்திருக்கிறது. இளங்கலையிலேயே பொது சுகாதாரம் படிக்கலாம் என்று விளம்பரங்கள் வருகின்றன. சமூக மருத்துவம் கற்பிக்கிறவன் என்ற முறையில் அதைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறீர்கள். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கைநழுவிய மருத்துவப் படிப்புக்கு ஆறுதலாக இதை எடுக்காதீர்கள். ஆறுதலுக்காகச் சேர்ந்தவர் மூன்று வருடமும் ஸ்டெதஸ்கோப்பையே நினைத்துக்கொண்டிருப்பார். இந்தப் படிப்பு தொடங்கும் இடமே வேறு.

மருத்துவர் முன்னால் ஒரு நோயாளி உட்கார்ந்திருக்கிறார். ‘உங்களுக்கு என்ன செய்கிறது?’ என்று மருத்துவர் கேட்கிறார். பொது சுகாதாரம் படித்தவர் கேட்பது, ‘யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை?’ என்று. இந்தக் கேள்வியின் பின்பாதியில்தான் எங்கள் துறையே நிற்கிறது. நோய் வந்தவர் ஆஸ்பத்திரியைத் தேடி வந்துவிடுவார். வராதவரை நாம்தான் தேடிப் போக வேண்டும்.

உலகம் முழுவதும் முதல் ஆண்டு மாணவர்களுக்குக் கொடுக்கும் ஒரு பழைய பயிற்சி இருக்கிறது. 1940 ஏப்ரல் 18. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஆஸ்வீகோ என்ற மாவட்டம். ஒரு தேவாலயத்தில் இரவு விருந்து. அன்றிரவே பலருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. விருந்துக்கு வந்தவர்களில் 75 பேரை விசாரித்தார்கள். 46 பேர் நோயுற்றிருந்தார்கள். இந்த 46 பேரை மட்டும் விசாரித்துவிட்டு நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவர்களில் 29 பேர் பன்றி இறைச்சி சாப்பிட்டவர்கள். இறைச்சிதான் கெட்டுப்போயிருக்கிறது என்று ஊரே முடிவு கட்டியிருக்கும்.

ஆனால் நோய் வராத 29 பேரையும் கேட்டார்கள். இறைச்சி சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 63 பேர் நோயுற்றார்கள். சாப்பிடாதவர்களிலும் நூற்றுக்கு 59 பேர் நோயுற்றார்கள். ஏறக்குறைய ஒரே அளவு. ஆகவே இறைச்சி மேல் பழி இல்லை. வெனிலா ஐஸ்கிரீமுக்கு வாருங்கள். அதைச் சாப்பிட்டவர்கள் 54 பேர். அவர்களில் 43 பேர் படுத்துவிட்டார்கள். சாப்பிடாதவர்கள் 21 பேர். அவர்களில் 3 பேர்தான் படுத்தார்கள். நூற்றுக்கு 80 எங்கே, 14 எங்கே! குற்றவாளி தானாக வெளியே வந்துவிட்டது.

இதில் எட்டாம் வகுப்புக்கு மேற்பட்ட கணக்கு எதுவும் இல்லை. ஒரு வகுத்தல், ஒரு நூற்றுவீதம். ஆனாலும் இதைச் செய்யப் பழகாதவர்கள் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள். ‘எங்கள் தெருவில் நான்கு பேருக்குப் புற்றுநோய், செல்போன் டவர்தான் காரணம்’ என்கிறோம். தெருவில் எத்தனை பேர், என்ன வயது, டவர் இல்லாத பக்கத்துத் தெருவில் எத்தனை பேர் என்று யாரும் கேட்பதில்லை. ‘தடுப்பூசி போட்ட மறுநாள் காய்ச்சல் வந்தது’ என்கிறோம். போடாத பிள்ளைகளில் அதே வாரம் எத்தனை பேருக்குக் காய்ச்சல் வந்தது? தொகுதியை மட்டும் வைத்துக்கொண்டு பேசுகிறோம். பின்னத்தின் கீழே இருக்கும் பகுதியை மறந்துவிடுகிறோம். அந்தப் பகுதியைத் தேடிப் போகும் பழக்கத்தைப் பதினெட்டு வயதில் ஒருவருக்குக் கொடுத்துவிட்டால், அவர் பிறகு வங்கியில் வேலை பார்த்தாலும், பத்திரிகையில் எழுதினாலும், ஊராட்சித் தலைவர் ஆனாலும் அது அவரோடு இருக்கும். பொது சுகாதாரத்தை இளங்கலையில் கற்பிக்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

இத்தனை நாள் ஏன் கற்பிக்கவில்லை என்று கேட்பீர்கள். அதற்கு வரலாறு இருக்கிறது. 1916-இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் பணத்தில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் பொது சுகாதாரத்துக்கென்று தனிப் பள்ளியை நிறுவியபோது, அதைப் பட்டம் முடித்தவர்களுக்கான மேற்படிப்பாகவே வைத்தார்கள். அதே அறக்கட்டளையின் உதவியோடு 1932-இல் கல்கத்தாவில் அகில இந்திய சுகாதார நிறுவனம் வந்தபோது அந்த வழக்கம் இங்கேயும் வந்தது. முதலில் டாக்டர் ஆகு, பிறகு பொது சுகாதாரம் படி. நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்து ஜோசப் போர் தலைமையிலான குழு 1946-இல் வெளியிட்ட அறிக்கை, மருத்துவ மாணவர் ஒவ்வொருவருக்கும் நோய்த்தடுப்பிலும் சமூக மருத்துவத்திலும் பயிற்சி தர வேண்டும் என்று வலியுறுத்தியது. நம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக நெடுங்காலம் இருந்த ஆ. இலட்சுமணசுவாமி முதலியார் அந்தக் குழுவின் உறுப்பினர். அவர்கள் விரும்பியதும் மருத்துவ மாணவர்களுக்கான பயிற்சியைத்தான். எல்லா இளங்கலை மாணவர்களுக்கும் இந்தக் கல்வி எட்ட வேண்டும் என்று அமெரிக்காவின் மருத்துவக் கழகம் வெளிப்படையாகப் பரிந்துரைத்தது 2003-இல்தான். நம் நாட்டில் பேச்சு இப்போதுதான் தொடங்கியிருக்கிறது.

ஆனால் பட்டப்படிப்பு வருவதற்கு முன்பே வேலை நடந்திருக்கிறது. மருத்துவர் அல்லாதவர்கள் செய்த வேலை. அதுவும் நம் ஊரில். அதில் இரண்டைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதலாவது, 1956. சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்குகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து நடத்தியது. சேத்துப்பட்டில் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதுதான். அந்தக் காலத்தில் காசநோய் என்றால் சானடோரியம். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, மாதக்கணக்கில் படுக்கை ஓய்வு. தாம்பரம் சானடோரியம் என்ற ரயில் நிலையப் பெயரில் அந்தக் காலம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாட்டில் நோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். படுக்கைகள் அதில் ஒரு சிறு துளிக்கும் போதாது.

வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் தலைமையில் ஓர் ஆய்வு நடந்தது. சென்னையின் ஏழைக் குடியிருப்புகளிலிருந்து வந்த நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் சானடோரியத்துக்குப் போனார்கள். இன்னொரு பிரிவினர் தங்கள் வீட்டிலேயே, அந்த ஒற்றை அறையிலேயே, பிள்ளைகுட்டிகளோடு இருந்துகொண்டு அதே மருந்தை ஒரு வருடம் சாப்பிட்டார்கள். சானடோரியத்தில் இருந்தவர்களுக்குச் சாப்பாடு நன்றாக இருந்தது, ஓய்வு இருந்தது, எடையும் கூடுதலாக ஏறியது. வீட்டில் இருந்தவர்களில் பலர் அரைவயிற்றுச் சாப்பாட்டோடு வேலைக்கும் போனார்கள். சானடோரியம்தான் வெல்லும் என்று எல்லோரும் எதிர்பார்த்திருப்பார்கள். 1959-இல் முடிவு வெளியானது. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். அதைவிட முக்கியமானது, வீட்டில் வைத்துச் சிகிச்சை பெற்றதால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவில்லை. சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே தொற்ற வேண்டியது தொற்றியிருந்தது.

இந்த ஒரு முடிவு உலகத்தின் காசநோய்ச் சிகிச்சையையே மாற்றியது. சானடோரியங்கள் மெல்ல மூடப்பட்டன. 1962-இல் வந்த இந்தியாவின் தேசியக் காசநோய்த் திட்டம் வீட்டுச் சிகிச்சை என்ற நம்பிக்கையின் மேல் கட்டப்பட்டது.

மருந்தைக் கண்டுபிடித்தவர்கள் வேறு எங்கோ இருந்தார்கள். சென்னையில் நடந்தது என்ன? யாரோ ஒருவர் முன்னறிவிப்பு இல்லாமல் நோயாளியின் வீட்டுக்குப் போய் மீதி மாத்திரைகளை எண்ணினார். சிறுநீர் மாதிரி வாங்கி வந்து மருந்து உடம்புக்குள் போயிருக்கிறதா என்று சோதித்தார். கொஞ்சம் தேறியதும் மாத்திரையை நிறுத்திவிட்டவரோடு உட்கார்ந்து பேசி, காரணத்தைத் தெரிந்துகொண்டார். புள்ளியியலாளர் ஒருவர் யார் எந்தப் பிரிவு என்பதில் யாருடைய விருப்பமும் கலந்துவிடாமல் காத்தார். சுகாதாரப் பார்வையாளர், சமூகப் பணியாளர், ஆய்வக உதவியாளர், புள்ளியியலாளர் என்று இவர்கள் எல்லோரும் சேர்ந்து செய்த வேலை அது. மருந்தைக் கண்முன்னே சாப்பிட வைக்கும் முறை பின்னாளில் உலகெங்கும் பரவியதற்கும் வேர் இந்த வீட்டு வருகைகளில் இருக்கிறது. நீங்கள் இங்கே படிக்கும் புள்ளியியல், சமூகப் பணி, வேதியியல் எல்லாவற்றுக்கும் அந்தக் குழுவில் இடம் இருந்தது.

இரண்டாவது, 1990-களின் பிற்பகுதி. இதைச் சொல்லும்போது எனக்கு எப்போதும் ஒரு பெருமிதம் உண்டு. சென்னையில் வேந்தன் கஜலட்சுமி என்ற நோய்ப்பரவியல் அறிஞர், ஆக்ஸ்போர்டின் ரிச்சர்டு பீட்டோவோடு சேர்ந்து ஒரு பெரிய ஆய்வை மேற்கொண்டார். சென்னை நகரத்திலும் விழுப்புரம் பகுதிக் கிராமங்களிலும் இறந்துபோன பெரியவர்கள், ஏறத்தாழ 80,000 பேர். ஒவ்வொருவரும் எதனால் இறந்தார்?

இறப்புச் சான்றிதழைப் பார்த்தால் போதாதா என்பீர்கள். போதாது. வீட்டில் நடக்கும் இறப்புகளுக்கு மருத்துவர் எழுதிய காரணம் பெரும்பாலும் இருக்காது. இருந்தாலும் ‘இதயம் நின்றுவிட்டது’, ‘மூச்சுத்திணறல்’, ‘முதுமை’ என்றிருக்கும். இதயம் நிற்காமல் யார் இறக்கிறார்கள்? அது இறப்பின் வருணனை. காரணம் ஆகாது. இன்றும் நாட்டில் பதிவாகும் இறப்புகளில் மருத்துவர் முறைப்படி காரணம் சான்றளித்தவை கால் பங்குக்கும் குறைவு.

ஆகவே ஆட்கள் வீடு வீடாகப் போனார்கள். போனவர்கள் டாக்டர்கள் அல்லர். பயிற்சி பெற்ற சாதாரணப் பட்டதாரிகள். உங்களைப் போல ஒரு டிகிரி முடித்தவர்கள். வெர்பல் அட்டாப்சி என்று அதற்குப் பெயர். இறந்தவரின் மனைவியோடோ மகனோடோ உட்கார்ந்து, கடைசி மாதங்களில் என்ன நடந்தது என்று கேட்டு, கேட்டதை ஒரு கதையாக எழுதி வர வேண்டும். பிறகு மருத்துவர்கள் அதைப் படித்துக் காரணத்தை முடிவு செய்வார்கள்.

இந்த வேலை எப்படி நடக்கும் என்று மாணவர்களுக்கு நான் விளக்கும்போது ஒரு வீட்டைக் கற்பனை செய்யச் சொல்வேன். திண்ணையில் ஓர் அம்மா. கணவர் இறந்து ஒரு வருடம் ஆகியிருக்கும். ‘அவருக்கு என்ன நோயம்மா?’ என்று கேட்டால், ‘இருமல்தான் தம்பி, நெஞ்சுச்சளி’ என்பார். அதை எழுதிக்கொண்டு எழுந்துவிட்டால் வேலை கெட்டது. எத்தனை மாதம் இருமினார்? சளியில் ரத்தம் வந்ததா? சாயங்காலக் காய்ச்சல் உண்டா? சட்டை தொளதொளத்துப் போகும் அளவுக்கு இளைத்தாரா? எங்கே வைத்தியம் பார்த்தீர்கள்? ‘கவருமெண்டு ஆஸ்பத்திரியில மாத்திரை குடுத்தாங்க. அதப் போட்டா மூத்திரம் செவப்பாப் போகும், அதுக்குப் பயந்து நிறுத்திட்டார்.’ இந்த ஒரு வாக்கியம் போதும். சிறுநீரைச் சிவக்க வைக்கும் அந்த மாத்திரை ரிஃபாம்பிசின். காசநோய் மருந்து. கதையைப் படிக்கும் மருத்துவர் மேசையில் இருந்தபடியே நோயைக் கண்டுகொள்வார். அந்த அம்மா காசநோய் என்ற சொல்லையே உச்சரிக்கவில்லை. உச்சரிக்க மனம் வந்திருக்காது. கல்யாணம் ஆக வேண்டிய மகள் உள்ளே இருக்கிறாள்.

பிறகு இன்னொரு கேள்வி. ‘பீடி, சிகரெட் பழக்கம் உண்டா?’ இறந்த ஆண்களில் 43,000 பேரின் தகவலையும், உயிரோடு இருந்த 35,000 ஆண்களின் தகவலையும் ஒப்பிட்டார்கள். ஆஸ்வீகோவில் பார்த்த அதே முறை. நோய் வராதவரையும் கேள். 2003-இல் லான்செட் இதழில் முடிவு வெளிவந்தபோது பலருக்கும் அதிர்ச்சி. புகைபிடித்தால் புற்றுநோய் வரும், மாரடைப்பு வரும் என்று உலகம் சொல்லிக்கொண்டிருந்தது. இங்கே புகை கொன்ற முதன்மையான வழிகளில் ஒன்று காசநோயாக இருந்தது. புகைபிடித்தவர்கள் காசநோயால் இறக்கும் வாய்ப்பு பிடிக்காதவர்களைவிடச் சுமார் நான்கு மடங்கு. ஆண்களின் காசநோய் இறப்புகளில் ஏறத்தாழப் பாதிக்குப் புகையே காரணம் என்று கணித்தார்கள்.

ஒரு நுண்ணோக்கியும் இல்லை. ரத்தப் பரிசோதனையும் இல்லை. திண்ணையில் உட்கார்ந்து மரியாதையாகக் கேட்கத் தெரிந்த, கேட்டதைக் கேட்டபடியே எழுதத் தெரிந்த பட்டதாரிகள் இருந்தார்கள். அவர்கள் இல்லாமல் இந்த உண்மை வெளியே வந்திருக்காது. நல்ல தமிழ் எழுதத் தெரிவது பொது சுகாதாரத் திறமைகளில் ஒன்று என்று நான் சொன்னால் அது மிகை இல்லை. தமிழ் இலக்கியம் படிக்கும் மாணவியரும் இங்கே இருக்கிறீர்கள் என்று முதல்வர் சொன்னார். உங்களையும் மனத்தில் வைத்துத்தான் சொல்கிறேன்.

இனி உங்கள் தெருவுக்கு வருகிறேன். மழை தொடங்கினால் கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர்கள் டார்ச் லைட்டோடு வீட்டுக்கு வருவதைப் பார்த்திருப்பீர்கள். பலர் கதவைத் திறப்பதே இல்லை. அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று என்றைக்காவது கூடவே போய்ப் பாருங்கள். சிமென்ட் தொட்டி, பிளாஸ்டிக் குடம், பழைய டயர், கொல்லையில் கிடக்கும் ஆட்டுக்கல், தேங்காய்ச் சிரட்டை, பிரிட்ஜுக்குப் பின்னால் நீர் சேரும் தட்டு. ஒவ்வொன்றிலும் வெளிச்சம் அடித்துப் புழு நெளிகிறதா என்று பார்ப்பார்கள். நூறு வீடு பார்த்து எட்டு வீட்டில் புழு இருந்தால் வீட்டுக் குறியீடு 8. அந்த நூறு வீட்டில் புழு இருந்த பாத்திரங்கள் பதினான்கு என்றால் பிரிட்டோ குறியீடு 14. இங்கேயும் கீழே பகுதி இருக்கிறது, கவனியுங்கள். புழு இல்லாத வீட்டையும் பார்த்து எண்ணினால்தான் இந்த எண் கிடைக்கும்.

விலங்கியல் மாணவர் அந்தப் புழுவைப் பார்ப்பார். ஏடிஸ் கொசுவின் முட்டை காய்ந்துபோன தொட்டிச் சுவரில் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டியிருக்கும், தண்ணீர் பட்டதும் பொரிக்கும், ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிவிடும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். அதனால்தான் தண்ணீரைக் கொட்டினால் போதாது, வாரம் ஒருமுறை சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும் என்கிறோம். பொருளியல் மாணவர் வேறொன்றைக் கேட்பார். இந்த வீட்டில் ஏன் இத்தனை குடம்? ஏனென்றால் இந்தத் தெருவில் ஐந்து நாளைக்கு ஒருமுறைதான் குழாயில் தண்ணீர் வருகிறது. தண்ணீரைச் சேர்த்து வைப்பது அந்த வீட்டுப் பெண்ணின் அறியாமை இல்லை, அவருடைய நிர்வாகத் திறமை. நோய்க்கான காரணம் குடத்திலிருந்து நகராட்சிக் குழாய்க்கு நகர்கிறது. அங்கிருந்து பட்ஜெட்டுக்கு நகர்கிறது. புவியியல் மாணவர் வரைபடத்தில் டெங்கு வந்த வீடுகளையும் தண்ணீர் வரும் நாட்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்ப்பார். நோய்க்குக் காரணம் ஒரு கிருமி என்று நிறுத்திக்கொள்ளாமல், அந்தக் கிருமிக்கு இடம் கொடுத்த ஏற்பாடு எது என்று போவதற்கு இத்தனை துறைகளும் வேண்டும்.

தாய் இறப்புத் தணிக்கையிலும் இதே கதைதான். தமிழ்நாட்டில் பிரசவம் சார்ந்து ஒரு பெண் இறந்தால் அதை விசாரிக்கிறார்கள். எங்கே தாமதம் நேர்ந்தது என்று பார்க்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போவது என்று முடிவெடுப்பதில் தாமதமா, போய்ச் சேருவதில் தாமதமா, சேர்ந்த பிறகு சிகிச்சை கிடைப்பதில் தாமதமா? முதல் இரண்டும் ஆஸ்பத்திரிக்கு வெளியே நடப்பவை. மாமியார் வெளியூர் போயிருந்தார், மாப்பிள்ளையிடம் கேட்காமல் வண்டி ஏற்ற மாட்டார்கள் என்பதெல்லாம் அதில் வரும். 2018-20 காலத்துக்கான கணக்கின்படி ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புக்கு நாட்டில் 97 தாய்மார்கள் இறந்தார்கள். தமிழ்நாட்டில் 54. கேரளத்தில் 19. நாட்டின் சராசரியைப் பார்த்து நாம் மகிழலாம். கேரளத்தைப் பார்த்தால் இன்னும் எத்தனை பேரைக் காப்பாற்றியிருக்கலாம் என்பது தெரியும்.

தமிழ்நாட்டுக்கு இந்தத் துறையில் ஒரு தனி மரபு உண்டு. 1939-இலேயே பொது சுகாதாரச் சட்டம் இயற்றியது சென்னை மாகாணம். இந்த வகையில் நாட்டில் அதுதான் முதல் சட்டம். சிகிச்சைக்கு ஓர் இயக்ககம், நோய்த்தடுப்புக்குத் தனி இயக்ககம் என்று வைத்து, நோய்த்தடுப்புக்கென்றே பயிற்சி பெற்ற அலுவலர்களை மாவட்டம்தோறும் வைத்திருக்கும் ஏற்பாடு பல மாநிலங்களில் கரைந்துபோனது. இங்கே நிலைத்தது. அதன் பயன் 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு தெரிந்தது. சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் சுமார் ஆறாயிரம் பேர் இறந்தார்கள். முகாம்களில் நெரிசல், கழிப்பறை இல்லை, குடிநீரில் உப்பு. காலரா பரவும் என்று எல்லோரும் அஞ்சினார்கள். பரவவில்லை. பிற மாவட்டங்களிலிருந்து சுகாதார ஆய்வாளர்கள் வந்து இறங்கினார்கள். தண்ணீர் லாரிகளில் குளோரின் சரிபார்த்தார்கள், பிளீச்சிங் பவுடர் போட்டார்கள், குழந்தைகளுக்குத் தட்டம்மைத் தடுப்பூசி போட்டார்கள், தினமும் எத்தனை பேருக்கு வயிற்றுப்போக்கு என்று எண்ணினார்கள். நடக்காமல் போன கொள்ளைநோய்க்குச் செய்தித்தாளில் தலைப்பு கிடையாது. இந்தத் துறைக்கு வருகிறவர்கள் அதற்கு மனத்தைத் தயார் செய்துகொள்ள வேண்டும். நீங்கள் காப்பாற்றியவர் யார் என்பது உங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

இனி பெற்றோர் எதிர்பார்க்கும் கேள்வி. வேலை கிடைக்குமா?

மறைக்காமல் சொல்கிறேன். பொது சுகாதாரத்தில் இளங்கலைப் பட்டம் வாங்கினால் நேராக அரசு வேலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சுகாதார ஆய்வாளர் பணிக்கு அதற்கென்று வரையறுத்த பயிற்சி வேண்டும். திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்து ஊரக சுகாதார நிறுவனம் போன்ற இடங்கள் அதைத் தருகின்றன. கிராம சுகாதார செவிலியர் பணிக்குச் செவிலியர் பயிற்சி வேண்டும். இளங்கலைப் பட்டதாரிக்கென்று தனிப் பதவி இன்னும் ஒழுங்காக உருவாகவில்லை. உருவாக்க வேண்டியது அரசின் கடமை, அதைக் கேட்க வேண்டியது நம் கடமை. இப்போதைக்கு வழிகள் வேறு. ஆய்வுத் திட்டங்களில் களப்பணி, தொண்டு நிறுவனங்கள், தரவு மேலாண்மை, காப்பீடு. அதன் பிறகு மருத்துவம் அல்லாத துறையினரையும் சேர்த்துக்கொள்ளும் எம்.பி.எச். எனும் பொது சுகாதார முதுகலைப் படிப்புகள். விலங்கியல் படித்தவருக்குப் புதுச்சேரியில் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் நடத்தும் பொது சுகாதாரப் பூச்சியியல் முதுகலை இருக்கிறது. நல்ல படிப்பு. தெரிந்தவர்கள் குறைவு.

ஒரு கல்லூரியில் பொது சுகாதாரத்தில் சேரும் முன் கட்டிடத்தைப் பார்க்காதீர்கள். களப்பயிற்சிக்கு எந்த ஊர், மாணவர்கள் அங்கே எத்தனை வாரம் இருப்பார்கள் என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் திரும்பி வந்துவிடுங்கள். புள்ளியியலை யார் நடத்துகிறார், முழுநேர ஆசிரியரா என்று கேளுங்கள். கடைசி வருடம் படிக்கும் மாணவரைத் தனியாகப் பிடித்து, நீங்களே சேகரித்த தரவை வைத்து ஏதாவது எழுதியிருக்கிறீர்களா என்று கேளுங்கள். களம் இல்லாத பொது சுகாதாரப் படிப்பு, தண்ணீரில் இறங்காமல் நீச்சல் கற்பது போன்றது. அதற்குக் கட்டணம் கட்டாதீர்கள்.

மருத்துவக் கல்லூரி மாணவர்கள் சிலர் பின்வரிசையில் இருக்கிறீர்கள். உங்களுக்கும் ஒரு வார்த்தை. சமூக மருத்துவத்தைப் பாஸ் செய்தால் போதும் என்ற பேப்பராக, பார்க் எழுதிய பாடப்புத்தகத்தைத் தேர்வுக்கு முந்தைய மாதம் உருப்போடும் பாடமாக வைத்திருக்கிறீர்கள். அதில் ஆசிரியர்களான எங்கள் பங்கும் உண்டு. 2021-22-இல் சேர்ந்தவர்களிலிருந்து குடும்பத் தத்தெடுப்புத் திட்டம் பாடத்திட்டத்தில் வந்திருக்கிறது. ஒவ்வொரு மாணவரும் சில குடும்பங்களை ஏற்றுக்கொண்டு படிப்புக் காலம் முழுவதும் தொடர்ந்து பார்க்க வேண்டும். கையெழுத்துக்காக லாக் புக்கை நிரப்பிவிடலாம். உண்மையாகவும் செய்யலாம். அந்த வீட்டுப் பாட்டி சர்க்கரை மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடுவது ஏன் என்று வார்டில் உங்களுக்கு யாரும் சொல்லித்தர முடியாது. அவர் வீட்டில் தெரியும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் மருத்துவ இளங்கலை மாணவர்களுக்கென்று 1979 முதல் நடத்திவரும் குறுகிய கால ஆய்வு உதவித்தொகைத் திட்டமும் இருக்கிறது. இரண்டு மாதம் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு நீங்களே விடை தேடலாம். விண்ணப்பியுங்கள்.

பல்கலைக்கழகத்தில் பாடத்திட்டம் வகுக்கும் பேராசிரியர்கள் இந்த மேடையில் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். தனிப் பட்டப்படிப்பு தொடங்குவது பெரிய காரியம். ஆசிரியர் வேண்டும், களம் வேண்டும், காலம் பிடிக்கும். அதற்கு முன்பே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. எந்தப் பாடம் எடுத்தவரானாலும் எல்லா இளங்கலை மாணவருக்கும் ஒரு பருவத்துக்கு நோய்ப்பரவியல் என்ற ஒரு தாளை வையுங்கள். பாதி வகுப்பறையில், பாதி பக்கத்து வார்டில். தேர்வில் மனப்பாடக் கேள்வி வேண்டாம். ஒரு தெருவின் தரவைக் கொடுத்து, யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை, ஏன் என்று எழுதச் சொல்லுங்கள். பாடம் நடத்த ஆள் இல்லை என்றால் எங்கள் துறையிலிருந்து நாங்கள் வருகிறோம்.

மாணவர்களே, அந்தத் தாள் வரும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டாம். இந்த மாதம் ஒரு நாள் உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். மருத்துவ அலுவலரிடம் அனுமதி கேட்டு, கிராம சுகாதார செவிலியரோடு காலையில் கிளம்பி அவர் போகும் வீடுகளுக்கெல்லாம் போய்விட்டு வாருங்கள். நோட்டுப் புத்தகமும் பேனாவும் எடுத்துப் போங்கள். அவர் கேட்கும் கேள்விகளையும், மக்கள் சொல்லும் பதில்களையும் அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள். வீட்டுக்கு வந்து எண்ணிப் பாருங்கள். இந்தப் படிப்பு உங்களுக்கு ஏற்றதா இல்லையா என்பது அன்று மாலையே உங்களுக்குத் தெரிந்துவிடும்.